இலையோடு கொடுக்கும் மஞ்சள் லில்லி

குற்றாலத்தில் நான் வேலை பார்த்த தோட்டத்துக்கு இப்போது மேற்பார்வையாளராக வந்திருப்பவர் காதர் மைதீன். விவசாயக் கல்லூரியில் படித்தவர். சென்ற மாதம் தென்காசியில் என் வீட்டுக்கு வந்தார். கொல்லையில் மஞ்சளும் பொன்னிறமுமாக டே லில்லி பூத்திருந்த பாத்தியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

"அண்ணாச்சி, கிழங்கைப் பிரிச்சுக் கொடுக்கையில இலையை அடியோட நறுக்கிரலாம்னுதான் நாங்க படிச்சது. பார்சலும் சின்னதா முடியும். நம்ம தோட்டத்துல மட்டும் ஒரு சாண் இலையை விட்டுத்தான் கொடுக்காவ. ஏன்னு கேட்டா, 'அது பெரியவரு போட்ட சட்டம்'ங்காவ. காரணம் ஒருத்தருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுமாமே?"

தெரியும் என்றேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நின்றுவிடும் என்று தோன்றியது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் இந்தப் பூவை வளர்க்க விரும்புகிறவர்களுக்கும் உதவும் என்பதால் சாகுபடி விவரத்தையும் சேர்த்திருக்கிறேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதத்தான் சேர்ந்தேன். ஒரு பணக்காரக் குடும்பம் அருவிக்குப் போகும் வழியில் கட்டிய பங்களாவின் தோட்டம் அது. சீசனில் வருகிறவர்களுக்குச் செடியும் விற்பார்கள். மேசையில் உட்கார்ந்திருந்தவன் நாற்றங்காலுக்கு எப்போது இறங்கினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. பதியம் போடவும் ஒட்டுக் கட்டவும் கற்றுக்கொண்டேன். நான்கைந்து வருடத்தில் கணக்கு வேறொருவரிடம் போயிற்று. நான் மண்ணோடு நின்றுவிட்டேன்.

தோட்டத்துக்கு மேலாளர் ஆவுடையப்பன் ஐயா. உயரமானவர். மழை இல்லாத நாளிலும் குடை வைத்திருப்பார். தோட்ட வேலை பார்க்கும் பெண்களைக்கூட 'நீங்க' என்றுதான் பேசுவார். ஆனால் அவர் முன்னால் நிற்க எல்லாருக்கும் பயம். காரணம் ஒன்றுதான். ஒரு செடியையோ கிழங்கையோ நீட்டி, "இது என்ன?" என்று கேட்பார். நாம் ஒரு பெயரைச் சொன்னால் உடனே சரி, தப்பு என்று சொல்ல மாட்டார். கொம்புப் பிடி போட்ட சிறு கத்தியை மடியிலிருந்து எடுத்துக் குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு வெட்டுவார். முகர்வார். விரலில் பாலைத் தொட்டுப் பார்ப்பார். அதற்குள் நமக்கு வியர்த்துவிடும். தப்பாகச் சொல்லியிருந்தால் திட்ட மாட்டார்.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா? தெரியாதுன்னு சொல்லுதவனுக்குத்தான் இந்தத் தோட்டத்துல வேலை" என்பார். அவ்வளவுதான். அன்று முழுவதும் அந்த ஆளை வேறு எதுவும் கேட்க மாட்டார்.

டே லில்லியில் அவருக்குத் தனி ஈடுபாடு. பங்களா முதலாளி மலைப்பிரதேசங்களிலிருந்து பலவகைக் கிழங்குகளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். காலையில் விரிந்து மாலையில் வாடும் பூ. ஆனால் ஒரு தண்டில் மொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். குற்றாலத்தில் அது பூப்பதில் ஐயாவுக்குத் திருப்தி இல்லை.

"சாரல் விழுற ஊர்ல பூக்கிறது ஒரு பெருமையா? தென்காசியில, அடுப்பங்கரைத் தண்ணி பாயுற கொல்லையில பூக்கணும். அப்பத்தான் நாலு பேருக்கு நம்பிக் கொடுக்கலாம்" என்று சொல்லி, என் வீட்டுக் கொல்லையில் ஒரு பாத்தி போடச் சொன்னார். இப்படித்தான் என் வீடு சோதனைத் தோட்டமாயிற்று.

என் மனைவி கோமதிக்கு அதில் சம்மதம் இல்லை. "சூடவும் ஆகாது, சாமிக்கும் ஆகாது. சாயங்காலம் சுருண்டு போற பூவுக்குப் பாத்தியும் எருவும்! ரெண்டு கத்திரி வச்சா குழம்புக்காவது ஆகும்" என்பாள். பின்னால் தெருப் பெண்கள் வந்து பார்த்து வியந்தபோது பாத்தி பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னவளும் அவள்தான்.

அந்தப் பாத்தியில் நாங்கள் கண்டது இது. எலுமிச்சை மஞ்சளில் ஒருவகை உண்டு. மலையில் அழகாகப் பூக்கும். பனிக்காலத்தில் இலை முழுவதும் உதிர்ந்து உறங்கும் வகை அது. நம் ஊரில் அதற்கு வேண்டிய குளிர் கிடைப்பதில்லை. இலை விடும், பூக்காது. இரண்டு மூன்று வருடத்தில் தேய்ந்து போகும். வருடம் முழுவதும் இலை பச்சையாக நிற்கும் மஞ்சளையும் பொன்னிறத்தையும்தான் நம்பலாம். வாங்கும்போது நிறத்தைக் கேட்பதற்கு முன்னால் மார்கழியில் இலை இருக்குமா என்று கேளுங்கள். கருஞ்சிவப்பு வகைகள் நம் வெயிலில் மதியத்துக்குள் வெந்துபோகும். மஞ்சளும் பொன்னும் தாங்கும்.

பாத்தி தரையைவிட ஒரு சாண் உயரமாக இருக்க வேண்டும். செம்மண்ணோடு ஆற்றுமணலும், மக்கி மண்ணாகிவிட்ட தொழு உரமும் போதும். புது எரு போட்டால் இலை தழைக்கும், பூ குறையும். கிழங்கும் இலையும் சேருமிடத்தைக் கழுத்து என்போம். அது மண்ணுக்குள் விரற்கடை அளவுதான் இருக்கலாம். ஆழமாகப் புதைத்தால் சாரல் மாதத்தில் கழுத்து அழுகிவிடும். இந்தச் செடி சாவதற்கு நம் பக்கம் வேறு காரணம் நான் அதிகம் பார்த்ததில்லை. காலை வெயில் நன்றாக விழ வேண்டும். பிற்பகலில் ஒரு முருங்கை நிழல் இருந்தால் நல்லது. தூர் நெருங்கிப் பூ குறையும்போது தோண்டிப் பிரித்து நட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, வெயில் ஏறும் முன் அதைச் செய்வோம். பொங்கலை ஒட்டிய காலம் அது.

அந்தப் பொங்கல் செங்கோட்டை நம் மாநிலத்தோடு சேர்ந்ததற்கு அடுத்து வந்த பொங்கல். குற்றாலத்தில் லில்லிப் பாத்திகளை எல்லாம் தோண்டிப் பிரித்திருந்தோம். அப்போது எங்கள் வழக்கமும் காதர் படித்த வழக்கம்தான். இலையைக் கழுத்தை ஒட்டி நறுக்கி, கழுத்தில் ஒரு துணுக்கோடு கிழங்கைத் தனித்தனியாகப் பிரித்துவிடுவோம். வேர்களோடு சேர்த்துக் கழுவி, கொட்டகைத் தரையில் நிழலில் உலர்த்துவோம். டே லில்லியின் வேர் நடுவில் பருத்துச் சிறு கிழங்காக இருக்கும். கழுவி, மயிர்வேர் நீக்கிக் குவித்தால் விரல்நுனி அளவில் உருண்டும் நீண்டும் கிடக்கும்.

தை மாதம் எங்கள் பக்கத்து அடுக்களையில் எது இல்லாவிட்டாலும் சிறுகிழங்கு இருக்கும். கறுத்த தோலும் மண்வாசனையுமான அந்தக் கிழங்கு இல்லாமல் பொங்கல் இல்லை. ஒவ்வொன்றாகத் தோல் சீவ முடியாது. ஆகையால் சாக்கில் போட்டுக் கட்டி, சொரசொரப்பான கல்லில் தேய்ப்பார்கள். தோல் சாக்கோடு நிற்கும். கிழங்கு வெளுத்து வரும்.

போகிக்கு முந்தின நாள் காலை, தோட்டத்து வண்டிக்காரன் இசக்கி, வழக்கம்போல் வேலையாட்கள் வீடுகளுக்குப் பொங்கல் காய்கறி கொண்டுபோனான். என் வீட்டுக்கு ஒரு கரும்புக் கட்டு, மஞ்சள் குலை, பூசணி, சேனை. அதோடு கொல்லையில் நடுவதற்கான லில்லிக் கிழங்கையும் ஒரு சாக்கில் அள்ளி ஏற்றச் சொல்லியிருந்தார் ஐயா. பொங்கல் கழித்துத் தனியாக ஒரு நடை வருவானேன் என்ற எண்ணம். எனக்கு அது தெரியாது. நான் மேல் தோட்டத்தில் இருந்தேன். இசக்கி எல்லாவற்றையும் அடுக்களை வாசலில் இறக்கி, "ஐயா கொடுத்துவிட்டாவ ஆச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். என் மகள் செண்பகம் முற்றத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பு படித்த சமயம். பின்னல் இடுப்பைத் தொடும். குதிக்கும்போது முதுகில் அடித்து அடித்து விழும். இலையில் சோறு வைத்து, கோமதி குழம்புச் சட்டியைக் கொண்டுவந்தாள்.

"இந்த வருசம் கிழங்கு என்ன, ஒரு வாசனையும் இல்லாம இருக்கு? நீளநீளமா வேற. பாவூர்சத்திரம் சந்தையில உங்க ஐயாவை ஏமாத்திட்டானுவளோ?"

"எந்தக் கிழங்கு?"

"என்ன கேக்கிய? உங்க ஐயா கொடுத்துவிட்ட சிறுகிழங்குதான். நானும் இவளும் கல்லுல தேச்சு எடுத்தோம். தோலு என்னமோ சட்டுனு வந்துட்டு."

கரண்டியில் வந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஐயாவின் பொன்னிற லில்லி என் குழம்பில் வெந்திருந்தது. சீன தேசத்தில் அதன் மொட்டைச் சமைப்பார்கள் என்று அவரே ஒருமுறை சொல்லியிருந்தார். அதனால் பயம் இல்லை. கோமதியிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாவிப் பூவு, சூடவும் ஆகலன்னு சட்டிக்கே வந்துட்டா!"

பிறகு அவளே சொன்னாள்: "அதான் இவ கசக்குன்னாளா?"

"யாரு?"

"செண்பகந்தான். அவிச்சு இறக்குனதும் உப்புத் தொட்டு நாலஞ்சு தின்னா. ஒண்ணு கசக்குன்னு மொகத்தைச் சுளிச்சா. 'நல்ல கிழங்கை நொட்டை சொல்லாதட்டி, முழுங்கு'ன்னேன். நானும் ஒண்ணு தின்னு பாத்தேன். கசக்கலியே."

அப்போது இசக்கி காலி வண்டியோடு திரும்பி வந்துகொண்டிருந்தான். கூப்பிட்டு, சாக்கை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன்.

"கொட்டகையிலதான் அண்ணாச்சி. தரையில கெடந்ததை வாருகலால கூட்டி அள்ளினேன். பக்கத்துல வேலியில தோண்டுன கண்வலிக்கிழங்கு கெடந்துது. அதை ஒதுக்கித் தள்ளிட்டுத்தான் அள்ளினேன்."

கண்வலிக்கிழங்கு என்றால் எங்கள் பக்கத்தில் விளக்கம் வேண்டாம். மழைக்காலத்தில் வேலிகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துப் படரும் செங்காந்தளின் கிழங்கு. தை மாதத்தில் கொடி காய்ந்து, இலை இல்லாமல் கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். மருந்துக் கடைக்காரர் வாங்குவார் என்று வேலி சீராக்கியபோது தோண்டிப் போட்டிருந்தார்கள். சிறு துண்டு உள்ளே போனாலும் ஆளைக் கொல்லும்.

முற்றத்தில் செண்பகம் ஒற்றைக் காலில் நொண்டி அடித்துக் கட்டத்தைத் தாண்டினாள். தாண்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளிடம் எந்த மாற்றமும் இல்லை. அந்த நேரத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

ஐயாவைக் கையோடு அழைத்துவரச் சொல்லி இசக்கியை என் சைக்கிளில் விரட்டினேன். குதிரை வண்டி பிடித்து, தாயையும் மகளையும் ஏற்றி, சாக்கையும் சட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வண்டி வாய்க்கால் பாலம் தாண்டுவதற்குள் செண்பகம் வாந்தியெடுக்கத் தொடங்கினாள்.

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கண்வலிக்கிழங்கு கலந்தது நிச்சயமா என்றார். தெரியாது என்றேன். இருவருக்கும் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். கோமதிக்கு அதோடு சரி. செண்பகத்துக்கு வாந்தியும் பேதியும் நிற்கவில்லை.

ஐயா வந்தார். முகத்தில் பதற்றம் இல்லை. குடையைச் சுவரில் சாய்த்தார். நடையில் ஒரு செய்தித்தாளை விரித்து, சாக்கை உள்வெளியாகப் புரட்டினார். நெசவில் ஒட்டியிருந்த தோல்களையும் தேய்க்கையில் ஒடிந்த துண்டுகளையும் கத்தி நுனியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சட்டியில் இருந்த கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்தார். எனக்கும் காட்டினார். லில்லிக் கிழங்கு வேரின் நடுவில் பருத்தது. ஆகவே இரண்டு முனையிலும் வேர் தொடரும், வால் மாதிரி. கண்வலிக்கிழங்கு அப்படியில்லை; கலப்பை மாதிரி வளைந்து, ஒரு நுனியில் முளை இருக்கும். எல்லாத் துண்டிலும் வால் இருந்தது, அல்லது வால் ஒடிந்த தழும்பு இருந்தது. ஒன்றுகூட விடாமல் பார்த்துவிட்டுக் கத்தியை மடக்கினார்.

"கண்வலிக்கிழங்கு இல்ல."

"ஒண்ணு கசந்துதுன்னு பிள்ளை சொல்லியிருக்கா ஐயா."

"முத்தின லில்லி லேசாக் கசக்கும். வயித்துக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான். தைரியமா இருங்க."

அவர் ஒரு பெயரைச் சொல்லி அது தப்பாகி நான் பார்த்ததில்லை. எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் செண்பகத்தின் நாடியிலிருந்து கையை எடுக்காமலே பேசினார்.

"அவரு சாக்கைப் பாத்தாரு. நான் பிள்ளையைப் பாக்கேன். அது சாக்குல இல்லாம இருக்கலாம். பிள்ளை வயித்துக்குள்ள போயிருந்தா?"

சாதாரண வயிற்றுக் கோளாறு என்று அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மிக மோசமானது எதுவோ அதுதான் என்று வைத்துக்கொண்டு மருந்து கொடுத்தார்; நரம்பில் தண்ணீர் ஏற்றினார். பொங்கல் அங்கேயே கழிந்தது. செண்பகத்தின் கண் குழிந்து, கை கால் சில்லிட்டு, கூப்பிட்டால் பதில் வராத ஒரு கட்டம் இருந்தது. கோமதி கட்டிலின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. 'நல்ல கிழங்கை நொட்டை சொல்லாதட்டி' என்று தான் சொன்னதையே மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

பிறகு ஒரு காலையில் செண்பகம் தாகம் என்றாள். அடுத்த வேளை கஞ்சி கேட்டாள். வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஐயா சொன்னதுதான் சரி, லில்லி ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்று தெருவில் எல்லாரிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிச்சயமாயிற்று.

அவள் மறுபடியும் பள்ளிக்குக் கிளம்பிய சமயம் அது. அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்த கோமதி என்னைக் கூப்பிட்டாள். குரல் வழக்கமான குரலாக இல்லை. போய்ப் பார்த்தேன். சீப்பில் முடி கற்றையாக நின்றது. கோமதி பயந்து கையால் தலையைத் தடவினாள். தடவிய இடமெல்லாம் கையோடு வந்தது. செண்பகம், "வலிக்கல அம்மா" என்றாள். அந்த வாரத்துக்குள் தலை வழுக்கையாகிவிட்டது.

டாக்டரம்மா பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

"கண்வலிக்கிழங்கு உள்ள போனா முடி இப்படிக் கொட்டும். இதுக்குப் பயப்படாதீங்க. பிழைச்சவங்களுக்குத்தான் கொட்டும். மத்தவங்க அதுவரைக்கும் இருக்க மாட்டாங்க. திரும்ப வளரும்."

கலந்திருந்தது ஒரே ஒரு கிழங்காக இருந்திருக்க வேண்டும். அது கல்லில் தேய்ந்து, அவிந்து, செண்பகம் தின்றதோடு சட்டியில் மிஞ்சாமல் போய்விட்டது. ஐயா பார்த்ததெல்லாம் உண்மைதான். பார்க்க வேண்டிய கிழங்கு அங்கே இல்லை.

அவரிடம் நான் போய்ச் சொல்லவில்லை. யார் மூலமோ கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். செண்பகம் தலையில் பருத்தித் துண்டைக் கட்டிக்கொண்டு வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். ஐயாவைக் கண்டு எழுந்து நின்றாள். துண்டு சரிந்தது, எடுத்துக் கட்டிக்கொண்டாள். அவர் நின்றபடியே இருந்தார். கோமதி கொடுத்த மோரைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்" என்றார்.

யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. குடையை மறந்து போய்விட்டார். நான்தான் பின்னால் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் காலை கொட்டகை முன் எல்லாரையும் நிறுத்தினார். "இனிமே இந்தத் தோட்டத்துல லில்லியைக் கழுத்தோடயும் ஒரு சாண் இலையோடயும்தான் பிரிக்கணும். இலை இல்லாத கிழங்கு கொட்டகையைத் தாண்டக் கூடாது" என்றார். காரணம் சொல்லவில்லை. இலை ஒட்டியிருக்கும் கிழங்கை யாரும் சிறுகிழங்கு என்று எண்ணிச் சாக்கில் போட்டுத் தேய்க்க மாட்டார்கள். தை மாதத்துக் கண்வலிக்கிழங்கு ஒன்று உருண்டு வந்து சேர்ந்தாலும் இலையில்லாமல் தனியாகத் தெரியும். அவ்வளவுதான் சட்டத்தின் பொருள். காரணத்தைச் சொன்னால் இசக்கியின் தலையில் பழி விழும் என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம். பெயர் கேட்டால் வெட்டிப் பார்க்கும் வழக்கத்தை அவர் கடைசிவரை விடவில்லை. ஆனால் வெட்டி, முகர்ந்து, நெடுநேரம் பார்த்துவிட்டு, "தெரியல" என்று சொல்வது அதற்குப் பிறகு அடிக்கடி நடந்தது.

காதர், உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். இலை அழுகலைத் தடுக்கிறதா, செடி சீக்கிரம் பிடிக்க உதவுகிறதா என்பதெல்லாம் நீங்கள் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். சட்டம் அதற்காகப் போட்டதல்ல.

செண்பகம் ஆலங்குளத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். போன வாரம் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அங்கன கொல்லை சும்மா கிடக்கிறது, பொன்னிறத்தில் இரண்டு தூர் வேண்டும் என்றாள். தோண்டிப் பிரித்து, சாக்கில் சுற்றிக் கொடுத்தேன்.

"இலையை வெட்டிட்டுத் தாங்க அப்பா. பஸ்ஸுல போற வாறவங்க எல்லாம் வெங்காயத்தாளுன்னு நினைச்சு என்ன விலைன்னு கேப்பாவ."

"கேட்டா சொல்லு."

"என்னன்னு சொல்ல?"

"லில்லின்னு சொல்லு. திங்கக் கூடாதுன்னும் சொல்லு."

அவள் சிரித்தாள். அவளுக்கு அந்தப் பொங்கலில் குதிரை வண்டியில் போனது மட்டும்தான் நினைவிருக்கிறது. பேரன் இலை நுனியைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனான். நான் எட்டுவதற்குள் அவளே பிடுங்கி எறிந்தாள்.

பஸ் ஏற்றிவிட்டு வீடு திரும்பினேன். சன்னலில் அவளுடைய சீப்பு கிடந்தது, மறந்துவிட்டுப் போயிருந்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டு மூன்று முடி. எல்லார் சீப்பிலும் இருக்கிற அளவுதான். கோமதி அடுக்களை நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

காட்டினேன்.